சிபிகே பாக்க எத்தன சாம்பிள் எடுக்கணும்? புதுசா கியூசிக்கு வந்த ஆக்களுக்கு

புதுசா கியூசி வேலைக்கு, அதாவது சாமானிட தரம் பாக்குற வேலைக்கு, வாற புள்ளயள் என்னட்ட முதல் கேக்கிறது இதத்தான், "அக்கா, சிபிகே பாக்க எத்தன சாம்பிள் எடுக்கணும்?" சிபிகே (Cpk) எண்டா மெசின் போடுறது நம்மட எல்லைக்குள்ள எவ்வளவு அடங்கி நிக்குது எண்டு சொல்ற இலக்கம். முப்பது எண்டு சொல்லிவிட்டா அதோட கத முடிஞ்சிரும். ஆனா அந்த முப்பத நம்பி நான் ஒருக்கா நல்லா அடிபட்டுப் போனன், அதனால இத ஆறுதலா எழுதுறன், நீங்களும் ஆறுதலா வாசிங்க, பக்கத்தில ஒரு கல்குலேட்டர வச்சிக்கங்க.

நான் வேல செய்றது சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில்லில, வறுத்த சிவப்பரிசி மா 1 கிலோ பக்கட் போடுறம். எங்கட பக்கட்டுக்கு நாங்களே வச்சிருக்கிற எல்லை 1000 கிராமுக்குக் குறையவும் கூடா, 1030க்கு மேல போகவும் கூடா. குறைஞ்சா வாங்குற சனத்துக்கு அநியாயம், கூடினா ஒவ்வொரு பக்கட்டிலயும் முதலாளிக்கு நட்டம். நான் மாவ வச்சித்தான் சொல்லப் போறன், நீங்க கார்மென்ட்ஸில கொலர் அகலம் பாக்குற ஆளா இருந்தாலும் சரி, தண்ணிப் போத்தல் நிரப்புற இடமா இருந்தாலும் சரி, கணக்கு ஒண்டுதான்.

முதல்ல சிபிகே எண்டா என்ன எண்டு ரெண்டு வரியில. மட்டக்களப்பில அந்த ஒடுக்கமான பழைய கல்லடிப் பாலத்தால பஸ்ஸில போன ஆக்களுக்கு இது லேசா விளங்கும். பாலத்திட அகலம்தான் நம்மட ஸ்பெக், அதாவது 1000 தொடக்கம் 1030. பஸ்ஸிட அகலம் நம்மட மெசின் போடுற ஏற்ற இறக்கம், அது நியம விலகலிட (standard deviation, நிறைகள் சராசரியில இருந்து பொதுவா எவ்வளவு விலகி நிக்குது எண்ட அளவு) 6 மடங்கு. பாலத்த பஸ்ஸால பிரிச்சா வாறது சிபி. ஆனா பஸ் சின்னதா இருந்தாலும் ஒரு பக்கமாச் சாஞ்சு போனா கம்பியில உரசும்தானே, அதனால இடையில, அதாவது சராசரியில, இருந்து கிட்ட இருக்கிற எல்லைக்கு எவ்வளவு தூரம் எண்டு பாத்து அத 3 நியம விலகலால பிரிக்கிறம், அதுதான் சிபிகே. 1 வந்தா மட்டுமட்டு. கனக்க கொம்பனியள் கேக்கிறது 1.33, வாகன உதிரிப்பாகக் காரங்க புதுசா ஒரு சாமான் தொடங்கக்குள்ள 1.67 வரைக்கும் கேப்பாங்க.

இப்ப நான் அடிபட்ட கத. கொழும்பில இருந்து ஒரு பெரிய ஓடருக்கு ஆக்கள் கதைச்சிட்டு, சிபிகே ரிப்போட் அனுப்பச் சொன்னாங்க. நான் காலம எட்டரைக்குப் போய் மெசினில இருந்து வரிசையா 30 பக்கட் எடுத்து நிறுத்தன். இடை 1015.5, நியம விலகல் 3.1, கணக்குப் போட்டா 1.56. எங்கட முதலாளி ஹாஜியார்ட காட்டினன், "மாஷா அல்லாஹ், நல்லது மகள், அனுப்புங்க" எண்டாரு. அனுப்பினம். மூணாவது லோட்டில நிறை குறைஞ்ச பக்கட் எண்டு பெட்டி பெட்டியாத் திரும்பி வந்திச்சு, 994, 997 எண்டெல்லாம். மெசின் ஒண்டும் உடையல்ல, கணக்கிலயும் பிழை இல்ல. நான் எடுத்த 30 பக்கட்டும் அரை மணித்தியாலத்துக்குள்ள, நிரம்பின ஹொப்பரில (மெசினுக்கு மேல மா கொட்டுற புனல்) இருந்து, ஒரே மாவில இருந்து வந்ததுதான் பிழை.

அண்டைக்கு இருந்து நான் செய்ற முற இதுதான்.

1. தராசப் பாருங்க

ஆக்கள் இதப் பாயிறது கூட, தயவு செஞ்சு பாயாதீங்க. ஒரு பக்கட்ட எடுத்து அதையே 10 தரம் வச்சி எடுத்து நிறுங்க. எங்கட தராசு முதல் நாள் 1012, 1015, 1011 எண்டு ஆடிச்சு, எனக்கு ஒண்டும் விளங்கல்ல, மறுகா பாத்தா மேல சுத்துற ஃபேன் காத்து தட்டில அமத்துது. ஃபேன நிப்பாட்டிப் போட்டு நிறுத்தா பத்தில ஒம்பது தரம் 1013, ஒருக்கா மட்டும் 1014. தட்டில ஒட்டியிருக்கிற மாவத் துடைக்கிறது, வெறும் கவரக் கழிக்கிறது எல்லாம் இதோட சேத்தி. கடைத் தராசு 5 கிராமுக்கு ஒருக்கா மாறுறது இருக்கே, அது இந்த வேலைக்குச் சரி வராது, நம்மட எல்லை அகலம் 30 கிராம் எண்டா தராசு குறைஞ்சது 3 கிராமையாவது பிரிச்சிக் காட்டணும், 1 கிராமுக்குக் காட்டினா நல்லம். தராசு ஆடினா அந்த ஆட்டமும் மெசினிட ஆட்டத்தோட சேந்துதான் கணக்குக்கு வரும், எத்தன நூறு சாம்பிள் எடுத்தாலும் அது போகாது.

2. எவ்வளவு பிழைய உங்களால தாங்க ஏலும்?

எத்தன எண்டு கேக்க முதல் கேக்க வேண்டிய கேள்வி இது. சாம்பிள்ல வாற சிபிகே ஒரு மதிப்பீடுதான், திரும்பவும் 30 எடுத்தா வேற இலக்கம் வரும். எவ்வளவு வேற வரும் எண்டதுக்கு ஒரு லேசான வழி இருக்கு, 139ஐ சாம்பிள் எண்ணிக்கையிட வர்க்கமூலத்தால பிரிங்க, வாறதுதான் 95 வீத நம்பிக்கையோட கூடுதல் குறைவா வரக்கூடிய பிழை வீதம். 30க்கு 25 வீதம். 50க்கு 20 வீதம். 100க்கு 14. 200க்கு 10. 400 எடுத்தாத்தான் 7க்கு வரும். பிழையப் பாதியாக் குறைக்கணும் எண்டா சாம்பிள நாலு மடங்காக் கூட்டணும், இதுக்குக் குறுக்கு வழி இல்ல. இது சிபிக்கு வாற கணக்கு, சிபிகேக்கு இடையிலயும் பிழை இருக்கிறதால இன்னும் கொஞ்சம் கூடும்.

இத இலக்கத்தில பாத்தா நெஞ்சு திடுக்கிடும். 30 சாம்பிளில உங்களுக்கு சிபிகே 1.33 வந்தா, உண்மையான சிபிகே 0.97 தொடக்கம் 1.69 வரைக்கும் எங்கயும் இருக்கலாம். 0.97 எண்டா மெசின் எல்லைக்குள்ளயே அடங்கல்ல, 1.69 எண்டா கண்ண மூடிட்டு ஓட விடலாம், ஒரே ரிப்போட் ரெண்டையும் சொல்லுது. 50 எடுத்தா 1.05 தொடக்கம் 1.61. 100 எடுத்தா 1.13 தொடக்கம் 1.53.

மற்றப் பக்கமாகவும் யோசிங்க. கஸ்டமர் 1.33 கேக்கிறாரு, உங்களுக்கு உண்மையிலயே 1.33 இருக்கு எண்டு 95 வீதம் நம்பிச் சொல்ல, கையில வாற இலக்கம் எவ்வளவு இருக்கணும்? 30 சாம்பிளோட எண்டா 1.71 வரணும். 50 எண்டா 1.61, 100 எண்டா 1.52, 125 எண்டா 1.5க்குக் கிட்ட. கொஞ்சச் சாம்பிள் எடுக்கிற ஆள் அதுக்குரிய விலைய வேற பக்கத்தால கட்டத்தான் வேணும். இந்த நாலு இலக்கத்தையும் நான் பேப்பரில எழுதி தராசுக்குப் பக்கத்தில ஒட்டி வச்சிருக்கன், யாராவது "பத்துப் பக்கட் காணும் அக்கா" எண்டு வந்தா அதத்தான் காட்டுறது.

அப்ப முப்பது எண்டது எங்க இருந்து வந்திச்சு எண்டு கேப்பீங்க. சின்னச் சாம்பிள் கணக்க முதல்ல ஒழுங்கா எழுதினவர் கொசெட் எண்டு ஒருத்தர், டப்ளினில கின்னஸ் பியர் கொம்பனியில வேல செஞ்சவரு, 1908ல ஸ்டூடன்ட் எண்ட புனைபேரில எழுதினாரு. அவர்ட கணக்க வச்சுப் பிறகு போட்ட அட்டவணைகளில சாம்பிள் முப்பதுக்குக் கிட்டப் போகக்குள்ள இலக்கங்கள் மணி வடிவான சாதாரண பரம்பலோட (normal distribution) ஏறக்குறைய ஒண்டாப் போகும், அதனால பாடப் புத்தகங்களில முப்பது ஒரு கோடு மாதிரி நிண்டிட்டு. ஆனா அது இடையப் பத்தின கத. சிபிகே தங்கியிருக்கிறது நியம விலகலில, நியம விலகலச் சரியா மதிக்க முப்பது காணாது.

3. எந்த எந்த நேரம் எடுக்கிறது எண்டு முதல்லயே எழுதுங்க

எனக்கு இதுதான் எண்ணிக்கைய விடப் பெரிய விசயம். நான் மேல சொன்ன 1.56க்கு நம்பிக்கை ஆயிடை (உண்மையான சிபிகே எதில இருந்து எது வரைக்கும் இருக்கலாம் எண்டது) போட்டுப் பாத்தா 1.14 தொடக்கம் 1.98 வருது, கீழ் எல்லைகூட 1க்கு மேலதான். அப்பிடி இருந்தும் பக்கட் திரும்பி வந்திச்சு. ஏனெண்டா அந்த ஆயிடை அந்த அரை மணித்தியாலத்துக்குள்ள எடுத்த ஆட்டத்த மட்டும்தான் சொல்லும், பின்னேரம் நடக்கப் போறது அதுக்குத் தெரியாது. ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வாற பக்கட் எல்லாம் கூடப்பிறந்த புள்ளயள் மாதிரி, ஒரே முகம்தான் இருக்கும். அதில நூறு எடுத்தாலும் ஒரே வீட்டத்தான் பாத்திரிக்கம்.

அதனால ஒரு கொப்பியில எழுதுங்க, எங்கட சாமானில என்னென்ன மாறினா நிறை மாறும் எண்டு. நாங்க எழுதினது இது. எங்கட மெசின் திருகால மாவத் தள்ளுது, அது நிறையப் பாக்கிறதில்ல, கனவளவத்தான் பாக்கும். வறுத்து அரிச்ச உடன வாற மா காத்தோட பொங்கி நிக்கும், அப்ப அதே சுத்துக்கு நிறை குறையும், ஆறி அடங்கின மா எண்டா கூடும். ஹொப்பர் நிரம்பி இருந்தா மேல இருக்கிற பாரம் மாவ அமத்தும், அடிக்கு வந்தா இளகும். மறுகா ஷிப்ட் மாறுறது, சாப்பாட்டு நேரம், கரண்ட் போய் வாறது. மாரியில ஈரக் காத்துக்கு மா கட்டி கட்டியா நிக்கும், கச்சான் அடிக்கிற நாளில பொலபொலண்டு ஓடும். மாரி வெள்ளாமை நெல்லு ஒரு மாதிரி, கோடை வெள்ளாமை நெல்லு வேற மாதிரி.

இதெல்லாத்தையும் ஒரு ஆய்வில பிடிக்க ஏலாது, காத்து மாறுறதுக்கு ஆறு மாசம் காத்திருக்க ஏலுமா. ஆனா ஒரு கிழமைக்குள்ள மாறுற எல்லாத்தையும் பிடிக்கலாம், மத்ததுக்கு எப்ப திரும்பப் பாக்கணும் எண்டு தேதி போட்டு வைக்கலாம்.

4. அஞ்சு அஞ்சாப் பிரிச்சு எடுங்க

வாகனத் துறையில வழமையாச் சொல்ற குறைஞ்ச அளவு 25 சப்குரூப் (ஒரே நேரத்தில எடுக்கிற சின்னக் கூட்டம்), மொத்தம் 100 அளவீட்டுக்குக் குறையாம. நான் எடுக்கிறது 25 தரம், ஒவ்வொரு தரமும் வரிசையா 5 பக்கட், மொத்தம் 125. ஒரு நாளைக்கு 5 தரம் எண்டா அஞ்சு வேலை நாளில முடியும், காலம மெசின் சூடாகின உடன, பத்து மணி தேத்தண்ணிக்குப் பிறகு, ளுஹர் தொழுகைக்கு முன்ன, சாப்பாட்டுக்குப் பிறகு, மூட முன்ன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மெசின் நிண்டு திரும்ப ஓடக்குள்ள கட்டாயம் ஒரு அஞ்ச எடுப்பன், நிப்பாட்டித் திரும்பத் தொடங்குற நேரம்தான் கோளாறு கூட.

ஏன் அஞ்சு அஞ்சா? அந்த அஞ்சுக்குள்ள இருக்கிற வித்தியாசம் மெசினிட இயற்கையான ஆட்டம், ஒரு அஞ்சுக்கும் மத்த அஞ்சுக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் வெளியால வாற காரணம். இந்த யோசினைய குடுத்தவர் ஷூவாட் எண்டு அமெரிக்காவில டெலிபோன் சாமான் செய்ற இடத்தில இருந்தவரு, முதல் கண்ட்ரோல் சார்ட்ட (அளந்த இலக்கங்கள நேர வரிசையில புள்ளியா வச்சு, மேலயும் கீழயும் எல்லைக் கோடு போடுற படம்) அவர் கீறினது 1924ல, நம்மட பழைய கல்லடிப் பாலம் கட்டின அதே வருசம்.

ஒண்டு முக்கியம், ரெண்டு மெசின் இருந்தா கலக்காதீங்க. ஒண்டு 1010ல நிக்குது, மத்தது 1020ல நிக்குது, ரெண்டுக்கும் நியம விலகல் 3 எண்டு வைங்க. தனித்தனியாப் பாத்தா ரெண்டும் 1.11. கலந்து பாத்தா நியம விலகல் 5.8க்குப் போய் 0.86 வரும், திருத்த வேண்டியது வெறும் ரெண்டு குமிழத் திருகிறதுதான் எண்டு அந்த 0.86ல இருந்து ஒருத்தருக்கும் விளங்காது. ஒவ்வொரு மெசினுக்கும் தனியா 125 எடுங்க.

5. கணக்குக்கு முன்ன சார்ட்

ஒவ்வொரு அஞ்சுக்கும் இடையும் வீச்சும் எழுதுங்க, ஓஎல் கணக்கில படிச்ச அதே வீச்சுதான், கூடினதில இருந்து குறைஞ்சதக் கழிக்கிறது. எங்கட முதல் ஒழுங்கான ஆய்வில 25 வீச்சிடயும் சராசரி 9.3, எல்லா இடையிடயும் சராசரி 1014. அஞ்சு அஞ்சா எடுத்தா சார்ட்டிட எல்லைக்கு 9.3ஐ 0.577ஆல (அஞ்சு அஞ்சா எடுக்கிறதுக்கு அட்டவணையில இருக்கிற இலக்கம்) பெருக்கணும், 5.4 வரும், அப்ப கோடு 1008.6லயும் 1019.4லயும். வீச்சு சார்ட்டுக்கு மேல் எல்லை 9.3ஐ 2.114ஆல பெருக்கினா 19.7.

வீச்சு எல்லாம் உள்ளுக்க. இடை சார்ட்டில நாலு புள்ளி கீழ் கோட்டுக்கு வெளியால போயிட்டு. நாலும் எந்த நேரம் எண்டு கொப்பியப் பாத்தா மூண்டு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒண்டு ஜும்ஆவுக்குப் பிறகு. ஹொப்பர நிரப்புற தம்பி சாப்பிடப் போனா மெசின் ஓடிட்டே இருக்கும், ஹொப்பர் அடிக்கு வந்திரும், திரும்பி வந்து சுடச்சுட வறுத்த மாவ மேல கொட்டுவாரு. திரும்பி வந்த பக்கட்டுக்குக் காரணம் நேரத்தோட கண்ணுக்கு முன்னால நிக்குது. இந்த நாலு புள்ளியும் அந்த எட்டரை மணி 30ல வரவே வராது.

சார்ட் இப்பிடி வெளியால போனா சிபிகே எழுத வேணாம், அந்த இலக்கத்துக்கு அர்த்தம் இல்ல. காரணத்தத் திருத்திப் போட்டுத் திரும்ப எடுங்க. கஸ்டமர் அவசரப்படுத்தினாலும் இதில விட்டுக் குடுக்காதீங்க.

6. ரெண்டு நியம விலகலையும் பக்கத்தில பக்கத்தில வச்சிப் பாருங்க

வீச்சிட சராசரி 9.3ஐ 2.326ஆல பிரிச்சா 4.0. இது அஞ்சுக்குள்ள இருக்கிற ஆட்டம், இத வச்சிப் போட்டா சிபிகே 1.17. ஆனா 125ஐயும் ஒண்டாப் போட்டு எக்செல்ல நியம விலகல் எடுத்தா 5.2 வருது, அத வச்சிப் போட்டா 0.90, இத பிபிகே (Ppk) எண்டு சொல்றது. ரெண்டும் கிட்டக் கிட்ட வந்தா மெசின் நாள் முழுக்க ஒரே மாதிரி நிக்குது. இப்பிடி விலகினா இடையில எங்கயோ ஒண்டு நடக்குது. கடைக்குப் போற பக்கட்டில இருக்கிறது 5.2தான், 4.0 இல்ல, அதனால நான் ரிப்போட்டில எப்பவும் ரெண்டையும் எழுதுவன். பெரிய இலக்கத்த மட்டும் எழுதி அனுப்புறது எனக்கு மனசு ஒப்பாது.

நாங்க செஞ்சது பெரிய செலவு ஒண்டும் இல்ல. ஹொப்பரில உள்ளுக்க ஒரு சிவப்புக் கோடு கீறினம், அதுக்குக் கீழ போனா மெசின நிப்பாட்டணும். வறுத்த மாவ ரெண்டு மணித்தியாலம் தட்டில ஆற விட்டுத்தான் கொட்டணும். சாப்பாட்டுக்கு ரெண்டு பேரா மாறி மாறிப் போகணும். மறுகா திரும்ப 125. இந்த முறை புள்ளி எல்லாம் உள்ளுக்க, இடை 1015, மொத்த நியம விலகல் 4.2, பிபிகே 1.19, ஆயிடை 1.03 தொடக்கம் 1.35. முதல் அனுப்பின 1.56ஐ விடச் சின்ன இலக்கம், ஹாஜியார் பாத்துப் போட்டு "குறைஞ்சிட்டே மகள்" எண்டாரு. குறையல்ல ஹாஜியார், இப்பதான் சரியாத் தெரியுது எண்டு சார்ட்ட விரிச்சுக் காட்டினன். அதுக்குப் பிறகு அந்த இடத்தில இருந்து நிறை குறைவு எண்டு பெட்டி திரும்பி வரல்ல.

நூறு எடுக்க ஏலாத இடம்

எல்லா வேலையும் மா பக்கட் மாதிரி ஆயிரக்கணக்கில வராது. மருதமுனையில கைத்தறியில ஒரு தறியில இருந்து கிழமைக்கு எத்தன சாறன் வரும்? அங்க அஞ்சு அஞ்சாப் பிரிக்க ஏலாது, ஒவ்வொண்டா அளந்து, அடுத்தடுத்து வாற ரெண்டுக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்த எழுதி, அந்த வித்தியாசத்திட சராசரிய 1.128ஆல பிரிச்சு நியம விலகல் எடுக்கிறது. 20 தான் கிடைக்கும் எண்டா 20 எடுங்க, ஆனா பிழை 31 வீதம் எண்டு பக்கத்தில எழுதுங்க, அடுத்த மாசம் வாறதையும் அதோட சேத்துச் சேத்துப் போங்க. உடைச்சுத்தான் பாக்க ஏலும் எண்ட சாமானுக்கும் இதே வழிதான்.

அளக்க ஏலாம நல்லம், கூடா எண்டு மட்டும் பாக்குற வேலைக்கு, பக்கட் வாய் ஒட்டியிருக்கா, தையல் விட்டிருக்கா மாதிரி, கணக்கே வேற. 300 பாத்து கூடாதது ஒண்டும் இல்ல எண்டா சந்தோசப்பட முன்ன 3ஐ 300ஆல பிரிங்க, 1 வீதம். அதாவது உள்ளுக்க 1 வீதம் வரைக்கும் கூடாதது இருந்தாலும் உங்களுக்கு இப்பிடி வரக்கூடும். ஆயிரத்துக்கு ஒண்டுக்கு மேல இல்ல எண்டு சொல்லணும் எண்டா 3000 பாத்து ஒண்டும் வராம இருக்கணும். ஏலுமெண்டா அளக்கிற மாதிரி மாத்திக்கங்க, ஒட்டு எவ்வளவு இழுவையில விடுது எண்டு அளந்தா நூறு பக்கட்டே கனக்கச் சொல்லும்.

இன்னொண்டு, 125ஐயும் ஒரு படமாக் கீறிப் பாருங்க, நடுவில குவிஞ்சு ரெண்டு பக்கமும் சரியிதா எண்டு. மாவிட ஈரப்பதன் மாதிரி ஒரு பக்கத்துக்கு வால் நீண்டு போற சாமானுக்கு சிபிகே சூத்திரம் பிழையான விடை தரும், அத 30 புள்ளியில கண்டு பிடிக்க ஏலாது, நூறுக்கு மேல இருந்தாத்தான் வால் தெரியும்.

ரிப்போட்டில என்ன எழுதுறது

நான் இப்ப அனுப்புற கடதாசியில இருக்கிறது இப்பிடி: மெசின் இலக்கம் 2, வறுத்த சிவப்பரிசி மா 1 கிலோ, அஞ்சு வேலை நாள், 25 தரம் அஞ்சு அஞ்சா 125, தராசு 1 கிராம் நுணுக்கம், சார்ட் நிலையா இருக்கு, சிபிகேயும் பிபிகேயும், பிபிகேக்கு 95 வீத ஆயிடை 1.03 தொடக்கம் 1.35, நெல்லு மாரி வெள்ளாமை. கடைசியா ஒரு வரி, கோடை வெள்ளாமை நெல்லு மில்லுக்கு வந்த முதல் கிழமையில திரும்பப் பாக்கப்படும். அந்தக் கிழமை வந்தா தராசுக்கு மேல இருக்கிற ஃபேன நிப்பாட்டிப் போட்டு, வேர்க்க வேர்க்க முதல் பக்கட்ட வைக்கிறது நான்தான்.